கோழிக் கொட்டகைக் கார்

கலேவெல,
04.02.2024

நஸ்மியா ராத்தாவுக்கு,

நீங்கள் சனி, ஞாயிறுகளில் அந்த அருங்காட்சியகத்தில் பக்கத்தில் நின்று பெருமை பேசும் அந்தக் காரைச் செய்தவன் கள்ளன்.

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாத்தைப் பின்னால் வைத்ததற்குக் கோபிக்க வேண்டாம். மேலே உள்ள வரி பல நாளாக வாயில் நிற்கிறது. உம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நான் சுகம். அமெரிக்கக் குளிருக்கு நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் பழகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். மாத்தளை வீட்டில் உங்கள் கோல் வந்தால் உம்மா ஸ்பீக்கரில் போடுகிறா. மாமியும் பக்கத்து வீட்டு ஜெஸ்லாவும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் கலேவெலயில் இருந்து எடுத்தால் உங்கள் பக்கம் மச்சான் ஸ்பீக்கரில் போடுகிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்களே உம்மாவுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் தனியாகப் பேச முத்திரை ஒட்டத்தான் வேண்டும்.

மச்சானின் கூட்டாளி சொக்லட்டோடு கொண்டுவந்து தந்த அந்தக் காரின் புத்தகத்தை எங்கள் பைபர் பட்டறையில் எல்லோரும் பார்த்தோம். ஹாஸ்கின். 1951. உடம்பு முழுக்க பைபர். தேய்ந்த சவர்க்காரக் கட்டி போல ஒரு மூலைகூட இல்லாத கார். எங்கள் கை அடிக்கும் அதே கண்ணாடி நாரும் ரெசின் என்ற பிசினும்தான். அந்தப் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. இதை யாரிடமோ எடுத்திருக்கிறான்.

எங்கள் தொழிலில் அப்படித்தான். முச்சக்கர வண்டியின் சேறு தடுக்கும் மட்காட் வேண்டுமா, கம்பனி மட்காட்டுக்கு மெழுகு பூசி, அதன் மேலேயே பைபர் அடித்து மோல்ட், அதாவது அச்சு, எடுப்போம். சீகிரியாவில் ஒரு ஹோட்டல் வாசலுக்கு இரண்டு சிங்கப் பாதம் கேட்டார்கள். மலையில் இருக்கும் கல் பாதத்தைத் தொட விடுவார்களா? இன்னொரு ஹோட்டலில் சிமெந்துப் பாதம் இருந்தது. காவலாளிக்கு ஒரு புரியாணிப் பார்சல் கொடுத்து அதில் மோல்ட் எடுத்தோம். காப்பியின் காப்பி. வெள்ளைக்காரன் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறான்.

ஹாஸ்கின் எவனுடைய காரில் மெழுகு பூசினான்? கேட்டு எழுதுங்கள்.

தம்பி அன்ஸாப்


இந்தியானா,
02.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். பனி இன்னும் வாசலில் கிடக்கிறது. நோன்பு வருகிறது, இங்கே பக்கத்தில் பள்ளிவாசல் இல்லை, மச்சான் போனில்தான் பாங்கு வைப்பார்.

முதலில் ஒன்று சொல். நீ அந்தப் பட்டறையில் பில் எழுதுகிறாய் என்றுதானே உம்மா சொன்னா? உன் கடிதத்தில் 'எங்கள் கை' என்று எழுதியிருக்கிறாய்.

வால்டர் ஹாஸ்கின் கள்ளன் இல்லை. யுத்தக் காலத்தில் விமானத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். விமானத்தின் மூக்குக்குக் கண்ணாடித் துணியில் ரெசின் ஊற்றும் வேலை. யுத்தம் முடிந்தபோது கார் என்றால் இரும்பு, இரும்பை வளைக்க வீடளவு இயந்திரம், அந்த இயந்திரம் பெரிய கம்பனிகளிடம் மட்டும். இவர் ஊரில் கோழிக்குஞ்சு பொரித்த ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். பலகையை வெட்டி விலா எலும்பு மாதிரி நிறுத்தி, கம்பி வலை சுற்றி, மேலே சாந்து பூசினார். ஒரு குளிர்காலம் முழுக்க அதைத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாராம். கை எங்கே தடக்குகிறதோ அங்கே மறுபடி தேய்ப்பு. அந்த வடிவம் உலகில் எங்கேயும் இருக்கவில்லை தம்பி. அவர் கைக்குள் மட்டும் இருந்தது.

குளிரில் ரெசின் இறுகாது என்று கதவு, ஜன்னல், கூரை ஓட்டை எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அந்த உருவத்தில் எடுத்த மோல்டில் முதல் உடம்பு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. மெழுகு போதவில்லை. சுத்தியலால் அடிக்க மோல்டும் உடைந்தது. ஹாஸ்கின் வெளியே போய் முட்டைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து மறுபடி பலகை வெட்டத் தொடங்கினார்.

அதன் பிறகு நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அந்த உடம்பை மரப்பெட்டியில் வைத்து ரயிலில் அனுப்பியிருக்கிறார்கள். விவசாயியின் மகன் ஒருவன் பெட்டியைப் பிரித்து, பழைய காரின் சட்டத்தில் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை அதில் தேவாலயம் போவான். நினைத்துப் பார்.

கார் ஓட்டத் தெரியாத நான் இதை வாரம்தோறும் சொல்கிறேன். சொல்லும்போது இன்னும் மயிர் கூச்செறிகிறது.

நஸ்மியா


கலேவெல,
16.04.2024

ராத்தா,

ஸலாம். பெருநாள் நல்லபடி போனது. உம்மா வட்டிலப்பம் செய்தா, உங்கள் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன்.

பில் எழுதுகிறேன் என்பது உம்மாவுக்குச் சொன்ன பொய். உயர்தரம் பாஸ் பண்ணியவன் ரெசின் வாளி தூக்குகிறான் என்றால் உம்மா தாங்கமாட்டா. அதை அப்படியே விடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பகல் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் வாசித்தேன். நாங்கள் ஏழு பேர். மோல்டில் ஒட்டிய இடம் வந்ததும் நப்லான் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டான். போன வருஷம் தண்ணீர்த் தாங்கி ஒன்றை ஒட்ட வைத்தவன் அவன்தான்.

"அவனுக்கும் ஒட்டிப் போச்சா? அமெரிக்காக்காரனுக்கும்?"

"ஒட்டித்தான் போச்சு."

"ஹாஜியாரே, கேட்டீங்களா? எனக்கு மட்டும் ஏசினீங்க."

பஸீர் ஹாஜியார், எங்கள் முதலாளி, பல்லுக் குத்திக்கொண்டே சொன்னார்: "அவன் உடைச்சது அவன்ட மோல்டு. நீ உடைச்சது என்ட மோல்டு."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கு அன்று வேலை ஓடவில்லை. கள்ளன் என்று எழுதியவன் நான். அப்படித்தான் எனக்கு நினைக்கத் தெரிந்திருக்கிறது. எங்களில் ஒருவனாவது சொந்தமாக ஒரு வளைவு போட்டிருக்கிறானா? எவனோ வரைந்ததில் மெழுகு பூசிப் பூசியே எங்கள் ஆயுள் போகிறது. படித்தவனுக்கு இங்கே உத்தியோகம் இல்லை, உத்தியோகம் பார்க்கிறவனுக்கு இங்கே ஒரு ஆணி செய்யத் தெரியாது, இரண்டு பேரும் டுபாய்க்கு பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கோழிக் கொட்டகை போதுமாக இருந்தது.

நப்லானுக்கு மட்டும் தடிமலும் இருமலும் இன்னும் விடவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம். அந்தக் கொட்டகைக்குள் எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள்.

அன்ஸாப்


இந்தியானா,
12.05.2024

தம்பிக்கு,

ஸலாம். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து போனது. மச்சானுக்கு இன்னும் நிரந்தர வேலை அமையவில்லை, என் வேலை இருப்பதால் வாடகை போகிறது. உம்மாவிடம் சொல்லாதே.

நீ கேட்டது போல ஒரு படத்தை இதோடு வைத்திருக்கிறேன். 1953இல் கொட்டகை வாசலில் எடுத்தது. நடுவில் கார். பின்னால் ஒன்பது பேர். தொப்பி போட்டவர்தான் ஹாஸ்கின். தலையில் துணி கட்டிய நான்கு பெண்களும் முன்பு திரைச்சீலை தைத்தவர்கள், துணி வெட்டத் தெரியும் என்று எடுத்திருக்கிறார்கள். உடம்பு முழுக்க வெள்ளைத் தூசி. ஒவ்வொரு முகத்திலும் எவ்வளவு சிரிப்பு என்று பார்.

இடது ஓரத்தில் நிற்கும் பெண்ணின் பெயர் மார்ஜரி. ஒரு வருஷம்தான் அங்கே வேலை செய்திருக்கிறா, கல்யாணம் ஆனதும் விட்டுவிட்டா. போன மாதம் மகளோடு அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தா. காரின் மேல் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றா. பிறகு என்னிடம் படத்தைக் காட்டி ஒவ்வொருவராகச் சொன்னா. அதை இன்னொரு நாள் நேரம் எடுத்து ஆறுதலாக எழுதுகிறேன்.

நஸ்மியா


கலேவெல,
22.06.2024

ராத்தா,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் லீவில்கூட வீட்டில் ஒரு நாள்தான் நின்றேன். காரணம் கேளுங்கள்.

நாங்கள் கார் செய்கிறோம். காப்பி இல்லை.

சீகிரியா ஹோட்டல்காரர்கள் வெள்ளைக்காரர்களை ஏற்றித் திரிய வேறு எங்கும் இல்லாத ஒரு வாகனம் கேட்டார்கள். நான் ஹாஜியாரிடம் படத்தைக் காட்டினேன். "இதப் பாத்து மோல்ட் எடுக்க ஏலாது, ஹாஜியார். நாங்களே உருவாக்கணும்." அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "செய்ங்க. பிழைச்சா சம்பளத்தில வெட்டுவேன்," என்றார். அவரிடம் இருந்து வந்த ஆசீர்வாதம் அது.

பழைய ஜீப் ஒன்றின் சட்டம் கிடைத்தது. பலகையில் விலா எலும்பு, கம்பி வலை, சாந்து. எல்லாம் உங்கள் கடிதத்தில் இருந்தபடி. முன்பக்கத்தை நானும் நப்லானும் தேய்த்தோம். கண்ணை மூடித் தடவிப் பார்த்தோம். முதல் நாள் சிரிப்பாக இருந்தது. ஒரு வாரத்தில் கை தானாகப் பேசத் தொடங்கியது. "இங்க ஒரு மேடு ஈக்கிது," என்பான் நப்லான். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கை வைத்தால் இருக்கும். ராத்தா, ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு வடிவம் வந்து நிற்கிறது. எங்கள் கையில் இருந்து. சாந்து பூசிய அந்த உருவத்தின் முன்னால் பள்ளிவாசலில் நிற்பதுபோல அடங்கி நிற்கிறோம்.

கலேவெல வீதியின் தூசி பளபளப்பில் ஒட்டிவிடும் என்று ஹாஜியாருக்குப் பயம். அமெரிக்காவில் எல்லாவற்றையும் அடைத்துத்தானே செய்தார்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். எங்கள் பட்டறைக் கொட்டகையை நாலு பக்கமும் பொலித்தீன் அடித்து மூடிவிட்டோம். உள்ளே போனால் ரெசின் வாடையில் கண் எரியும், தலை சுற்றும். ஆனால் தூசி ஒரு பொட்டு இல்லை. ஹாஸ்கினின் ஆட்கள் மாதிரியே வெள்ளையாக வெளியே வருகிறோம்.

நப்லான் இருமிக்கொண்டே வேலை செய்கிறான், போகச் சொன்னாலும் போகிறான் இல்லை. மார்ஜரி சொன்னதை எழுதுங்கள். இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்.

அன்ஸாப்


இந்தியானா,
25.08.2024

தம்பிக்கு,

ஸலாம். பதில் பிந்திவிட்டது. பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கிவிட்டது. உம்மா கண் மங்குகிறது என்றாவே, டாக்டரிடம் காட்டினீர்களா?

உங்கள் காரை நினைத்து எனக்குச் சந்தோஷம். ஹாஸ்கினின் கார் 1954இல் ஒரு பந்தயத்தில் பெரிய கம்பனிக் கார்களை முந்தியது தெரியுமா? எடை குறைவு, அதுதான் காரணம். கடைசி வளைவில் சனம் கதிரைகளில் ஏறி நின்றதாம். பிறகு பெரிய கம்பனி ஒன்று தானே பைபர் கார் செய்யத் தொடங்கியதும் இவர்களால் நின்றுபிடிக்க முடியவில்லை. 1957இல் கொட்டகையை மூடினார்கள்.

பொலித்தீனைக் கழற்று தம்பி. உங்களுக்குக் குளிர் இல்லையே, எதற்கு அடைக்க வேண்டும்? மூக்கைக் கட்டிக்கொள். நப்லானை வேலைக்கு எடுக்க வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை.

நஸ்மியா


கலேவெல,
21.09.2024

ராத்தா,

ஸலாம். உம்மாவுக்கு வலது கண்ணில் படலம். ஒப்பரேஷனுக்குத் திகதி தந்திருக்கிறார்கள்.

பந்தயத்தை எழுதினீர்கள். கம்பனி மூடியதை எழுதினீர்கள். மார்ஜரியைத் தாண்டிவிட்டீர்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

உடம்பு மோல்டில் இருந்து கழன்ற நாளைச் சொல்கிறேன். மெழுகு அடுக்கடுக்காகப் பூசியிருந்தோம். ஓரத்தில் ஆப்பு அடித்துத் தண்ணீர் விட்டோம். ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு உள்ளே எங்கேயோ டக் என்றது. இன்னொரு டக். முழு உடம்பும் தானாக மேலே எழும்பியது. நாலு பேர் தூக்கினோம், பாரமே இல்லை. வெளியே வெயிலில் வைத்ததும் வீதியில் போன குருநாகல் பஸ் நின்றுவிட்டது. சாரதி இறங்கி வந்து கை வைத்துப் பார்த்தான். "மேக்க கவுத ஹெதுவே?" என்றான். யார் செய்தது என்று. நப்லான் நெஞ்சைத் தட்டி, "அபி," என்றான். நாங்கள். அந்த ஒரு சொல்லோடு இருமல் வந்து கீழே உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். வாகினி என்று ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். நப்லானின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"என்ன வேலை செய்யிறீர்?"

"கடையில நிக்கிறேன், மிஸ்." ஹாஜியார் அப்படித்தான் சொல்லும்படி நப்லானிடம் சொல்லியிருந்தார்.

"கடையில நிக்கிற ஆளுக்கு நெஞ்சு இப்பிடி இராது. வயசு இருபத்தொன்பது எண்டு போட்டிருக்கு. நெஞ்சுக்கு அது தெரியேல்ல."

நான் உண்மையைச் சொன்னேன். நப்லான் என்னை முறைத்தான். வேலை போய்விடும் என்ற பயம் அவனுக்கு. டாக்டர் எழுதிக்கொண்டா, ஆனால் இந்த வேலையால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல மற்றவர்களையும் பார்க்க வேண்டும் என்றா. மற்றவர்கள் வரமாட்டோம் என்கிறார்கள். கார் செய்த மிதப்பில் இருக்கிறார்கள்.

வந்த அன்றே கத்தி எடுத்துப் பொலித்தீனைக் கிழித்தேன். அடுத்த நாள் புதிது அடித்திருந்தது.

மார்ஜரி என்ன சொன்னா?

அன்ஸாப்


இந்தியானா,
10.11.2024

தம்பிக்கு,

ஸலாம். உம்மாவின் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ். நப்லானுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

இந்த அருங்காட்சியகத்தை ஹாஸ்கினின் பேரப்பிள்ளைகள் நடத்துகிறார்கள். நல்ல மனிதர்கள். நான் என்ன பேச வேண்டும் என்று அவர்கள் ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள், அதற்கு வெளியே பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் இந்த வேலையில் இருக்கிறேன். மச்சானின் நிலைமை உனக்குத் தெரியும். மார்ஜரிக்குத் தொண்ணூறு வயது. வயதானவர்கள் பலதையும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் சிகரெட்டும் குடித்தார்கள்.

நீ உண்மையாகவே பில் எழுதப் போ தம்பி. ஹாஜியாரிடம் கேள். ராத்தா உன்னிடம் கேட்பது அது ஒன்றுதான்.

நஸ்மியா


கலேவெல,
08.12.2024

ராத்தா,

ஸலாம். கேட்டது நடந்துவிட்டது. பொலித்தீனை இரண்டாம் தடவை கிழித்தபோது ஹாஜியார் என்னை வேலையில் இருந்து நிறுத்தவில்லை. பில் எழுதும் மேசையில் உட்கார வைத்தார். உம்மாவுக்குச் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. மேசையில் இருந்து பார்த்தால் பொலித்தீனுக்கு அந்தப் பக்கம் நிழல்கள் குனிந்து நிமிர்வது தெரிகிறது.

கார் சீகிரியாவில் ஓடுகிறது. பச்சை நிறம். போன வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு எல்லோரும் பார்க்கப் போனோம். மலை பின்னால், கார் முன்னால். நான் அழுதுவிட்டேன், அதை மறைக்கப் போவதில்லை. அவ்வளவு பெரிய கல்லுக்கு முன்னால் எங்கள் கார் வெட்கப்படவில்லை. படம் எடுத்தோம். ஒருவரும் சொல்லாமலே கொட்டகைக்காரர்கள் மாதிரி காருக்குப் பின்னால் வரிசையாக நின்றுவிட்டோம். நப்லானுக்கு ஹோட்டல்காரர் ஒரு கதிரை கொடுத்தார்.

இப்போது அவன் வீட்டில். படுத்தால் மூச்சு வராது என்று சுவரில் சாய்ந்தே உறங்குகிறான்.

ஹோட்டல் இன்னும் ஆறு கார் கேட்டிருக்கிறது. பெப்ரவரியில் தொடக்கம். பொலித்தீன் வேண்டாம், காற்று இழுக்கும் விசிறி பூட்டுங்கள் என்று நான் கேட்டபோது ஹாஜியார் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "அமெரிக்காவில மூடித்தானே செஞ்சாங்க. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்லையே. நீதானேப்பா வாசிச்சுக் காட்டினே." எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் எழுதி நான் வாசித்த கதை அவருடைய சட்டமாகிவிட்டது. நான் எதைச் சொன்னாலும் அந்தப் படத்தில் ஒன்பது பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்தக் கதையை உடைக்க உங்களால் மட்டும்தான் முடியும். மார்ஜரி சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். பெப்ரவரிக்கு முன்.

அன்ஸாப்


கலேவெல,
16.02.2025

ராத்தா,

ஸலாம். உம்மா சுகம். பெட்டி கிடைத்தது.

நல்ல மாஸ்குகள். ரப்பர் வாய், இரண்டு பக்கமும் வடிகட்டி. இங்கே இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஏழு இருந்தன. நாங்கள் ஏழு பேர் என்று எப்போதோ எழுதியதை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். பெட்டியை முழுக்கப் பிரித்தேன், அட்டையின் மடிப்பைக்கூடக் கிழித்துப் பார்த்தேன். கடிதம் இல்லை.

மற்றவர்கள் ஒரு நாள் போட்டுப் பார்த்தார்கள். வேர்க்கிறது, பேச முடியவில்லை என்று கழற்றிவிட்டார்கள். "நோயாளிக்குப் போடுறதையா நாங்க போடணும்?" என்றான் ஒருவன். காரணம் தெரியாமல் ஒருவனும் வாயைக் கட்டமாட்டான். நப்லானுடையது என் மேசையில் கிடக்கிறது.

நாளைக் காலை இரண்டாவது காருக்கு மெழுகு பூசுகிறார்கள். மோல்ட் வெயிலில் நிற்கிறது. இப்போதும் அதைத் தாண்டிப் போகும்போது என் கை தானாக நீள்கிறது. அவ்வளவு அழகு.

உங்கள் படம் என் முன்னால் இருக்கிறது. ஒரு வருஷத்தில் வேலையை விட்டுப் போன மார்ஜரி உயிரோடு வந்து காரில் கை வைத்தா. மற்ற எட்டுப் பேரும் எத்தனை வயது வரைக்கும் மூச்சு விட்டார்கள்? தொப்பி போட்டவரில் இருந்து தொடங்கி, ஒவ்வொருவராக, பெயரோடு எழுதுங்கள்.